ரவிக்கை அளவு வேறு, பிரா அளவு வேறு: வீட்டிலேயே அளந்து சரியான பிராவைத் தேர்ந்தெடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப் பட்டணங்களில் பெண்கள் பிரா வாங்கும் விதம் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கிறது. ரவிக்கைக்கு அளவெடுத்தபோது தையல்காரர் சொன்ன மார்புச் சுற்றளவு மனதில் நிற்கும். அது 36 என்றால் கடையிலும் 36 என்றே கேட்பார்கள். கப் எது என்று விற்பனைப் பெண் கேட்டால் எல்லாரும் சொல்வதுபோல "பி" என்று சொல்லி, பணத்தைக் கொடுத்து, பையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கூச்சத்தோடு அவசர அவசரமாக முடிந்துபோகும் அந்த வியாபாரத்தின் பலனை அடுத்த ஓராண்டுக்குத் தோளும் முதுகும்தான் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

நான் இந்தப் பட்டணத்தில் பெண்களுக்கான தையல் கடை நடத்துகிறேன். ரவிக்கைக்கு அளவெடுப்பதற்காகக் கைகளைச் சற்று உயர்த்தச் சொன்ன உடனேயே, உள்ளே அணிந்திருக்கும் பிரா பொருந்துகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். பொருந்தாத பிராவில் முதுகுப் பகுதி மேல்நோக்கி ஏறிக்கொள்ளும், முன்பகுதி இறங்கிவிடும், தோளில் ஸ்ட்ராப் பதிந்த இடம் பள்ளமாகவும் கறுத்தும் இருக்கும். "வயசானா அப்படித்தான் அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். வயதுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் தொடர்பு குறைவு. தவறான அளவுக்கும் அதற்கும்தான் தொடர்பு அதிகம். அளவு நாடாவும் கண்ணாடியும் கதவைத் தாழிட்டுக்கொள்ள ஓர் அறையும் இருந்தால், எவரிடமும் கேட்காமல் உங்கள் அளவை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

எடையைத் தாங்க வேண்டியது எது?

மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் உள்ளன. அதற்கு வெளியிலிருந்து தாங்கல் கொடுப்பதே பிராவின் வேலை. அந்தத் தாங்கலின் பெரும்பகுதியைத் தர வேண்டியது மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றிப் படியும் அடிப்பட்டிதான். ஸ்ட்ராப்பின் வேலை கப்பின் மேல்விளிம்பை உடலோடு ஒட்டி நிற்கச் செய்வது மட்டுமே. அடிப்பட்டி தளர்ந்திருந்தால் அது சுமக்க வேண்டிய எடை முழுவதும் ஸ்ட்ராப்புக்கு மாறுகிறது. எடை கூடியதும் மார்பு இறங்குகிறது. அதைத் தூக்குவதற்காக ஸ்ட்ராப்பை இன்னும் இறுக்குகிறோம். இறுக்கிய ஸ்ட்ராப் தளர்ந்த முதுகுப் பட்டியை மேலே இழுக்கிறது. முதுகு ஏற ஏற முன்பக்கம் மறுபடியும் இறங்குகிறது. தோள் வலியும் கழுத்துப் பிடிப்பும் பலருக்கு இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். நீங்கள் அணிந்திருக்கும் பிராவின் இரண்டு ஸ்ட்ராப்களையும் தோளிலிருந்து கழற்றிக் கீழே தொங்கவிடுங்கள். அடிப்பட்டி இருந்த இடத்திலேயே நின்று, மார்பு கொஞ்சமே இறங்கினால் பட்டி சரியானது. எல்லாமே சரிந்து இடுப்பை நோக்கி வந்துவிட்டால், இதுவரை உங்கள் தோள்தான் பிராவின் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அளவெடுப்பது எப்படி?

தையல் கடைகளில் வைத்திருக்கும் துணி போன்ற மென்மையான அளவு நாடாவே வேண்டும். தச்சர் பயன்படுத்தும் இரும்பு நாடா உடலின் வளைவில் படியாது. நாடா நெடுநாள் பழையதாக இருந்தால் இழுபட்டு நீண்டிருக்கலாம் என்பதால், ஓர் அளவுகோலின் மேல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டர் பக்கத்தையே பயன்படுத்துங்கள்; ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும். மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் பலருக்கு மார்பு வீங்கிக் கனத்திருக்கும். அந்த நாட்களைத் தவிர்த்து, விலக்கு முடிந்த வாரத்தில் அளப்பது நல்லது. பிரா இல்லாமலோ, பஞ்சு வைக்காத மெல்லிய பிராவோடோ கண்ணாடியின் முன் நில்லுங்கள்.

முதல் அளவு மார்புக்கு நேர் கீழே, மார்பு விலாவோடு சேரும் மடிப்பில் எடுக்க வேண்டியது. நாடா தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும்; முதுகில் மேலேறியோ கீழிறங்கியோ இருக்கிறதா என்பதைக் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். மூச்சை முழுவதுமாக வெளியே விட்டு, நாடாவைத் தோலோடு ஒட்டி இறுக்கமாகப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவிக்கைக்கு அளக்கும்போது ஒரு விரல் விட்டு அளப்பதுபோல இங்கே தளர்வு விடக்கூடாது. பிராவின் பட்டி எலாஸ்டிக்கால் ஆனது. தேவையான தளர்வை அதுவே கொடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது அளவு மார்பின் மிக நிறைந்த பகுதியைச் சுற்றி எடுப்பது. இதை இரண்டு நிலைகளில் எடுக்க வேண்டும். முதலில் நேராக நின்று, நாடா அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்படி அளந்துகொள்ளுங்கள். பிறகு இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்போது மறுபடியும் அளந்துகொள்ளுங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் மார்பு கீழ்நோக்கித் தளர்ந்திருக்கும். நின்று அளந்தால் அந்த அளவு முழுமையாக நாடாவுக்குள் வராது. இரண்டு எண்களையும் கூட்டிப் பாதியாக்கினால் கிடைப்பதே உங்கள் மார்புச் சுற்றளவு.

இப்போது கீழ் அளவிலிருந்து பட்டியின் எண் கிடைக்கும். 68 முதல் 72 சென்டிமீட்டர் வரை இருந்தால் 70. 73 முதல் 77 வரை 75. 78 முதல் 82 வரை 80. 83 முதல் 87 வரை 85. 88 முதல் 92 வரை 90. நம் நாட்டில் விற்கும் பல பிராக்களின் லேபிளில் இந்த எண்ணோடு இன்னோர் எண்ணும் அச்சிட்டிருக்கும்: 70 என்றால் 32, 75 என்றால் 34, 80 என்றால் 36, 85 என்றால் 38, 90 என்றால் 40.

இந்த இரண்டாவது எண்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். 75 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ இருபத்தொன்பதரை அங்குலம். லேபிளிலோ 34 என்று இருக்கிறது. கீழ் அளவோடு நான்கைந்து அங்குலம் கூட்டிச் சொல்லும் பழைய வழக்கம் அந்த எண்ணில் தங்கிவிட்டது. ஆகவே லேபிளில் இருக்கும் 36 உங்கள் மார்பைச் சுற்றிய 36 அங்குலமும் அல்ல, மார்புக்குக் கீழே சுற்றிய 36 அங்குலமும் அல்ல. ரவிக்கை அளவை அப்படியே பிரா அளவாக எடுத்துக்கொள்பவர்கள் தவறிப்போவது இந்த இடத்தில்தான். இதனால்தான் சென்டிமீட்டரில் அளக்கச் சொல்கிறேன்.

கப்பின் எழுத்து, மார்புச் சுற்றளவிலிருந்து கீழ் அளவைக் கழித்தால் வரும் வித்தியாசத்தைப் பொறுத்தது. ஏ முதல் டி வரையிலான இந்த எழுத்துமுறையை 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எஸ். எச். கேம்ப் நிறுவனம் தொடங்கிவைத்தது. அதற்கு முன்பு வெறும் எண்தான் இருந்தது. ஐரோப்பிய அட்டவணையில் வித்தியாசம் 12 முதல் 14 சென்டிமீட்டர் என்றால் ஏ, 14 முதல் 16 என்றால் பி, 16 முதல் 18 என்றால் சி, 18 முதல் 20 என்றால் டி. ஜப்பானிய அட்டவணையில் 10 சென்டிமீட்டரை ஒட்டி ஏ, 12.5 என்றால் பி, 15 என்றால் சி, 17.5 என்றால் டி. ஒரே உடலுக்கு ஒரு நிறுவனத்தில் பி என்றும் இன்னொன்றில் சி என்றும் வருவது இதனால்தான். நம் கடைகளில் இரண்டு வகைச் சரக்கும் கலந்தே கிடைப்பதால், வாங்கப்போகும் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம். டி என்றாலே மிகப் பெரிய மார்பு என்று பல பெண்கள் நினைத்து அந்த எழுத்தைக் கேட்கவே தயங்குகிறார்கள். எழுத்து தனியாக எதையும் சொல்வதில்லை. ஒல்லியான உடலில் 70 டி என்பது பார்வைக்கு அடக்கமாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்யும் ஒருவர், பிள்ளையின் சடங்குக்கு ரவிக்கை தைக்க என் கடைக்கு வந்தார். மார்புச் சுற்றளவு 36 அங்குலம். அணிந்திருந்தது 36 பி. தோள் இரண்டிலும் ஸ்ட்ராப் பதிந்த பள்ளம். அதற்கு மேலேதான் முதுகில் மாட்டும் மருந்துப் பம்பின் வாரும் தினமும் அழுத்துகிறது. ஸ்ட்ராப்பை இதற்கு மேல் இறுக்க முடியாத அளவுக்கு இறுக்கியிருந்தார். முதுகில் பட்டியைப் பிடித்து இழுத்தால் ஒரு கை முழுவதும் உள்ளே போனது.

அளந்து பார்த்ததில் மார்புக்குக் கீழே 76 சென்டிமீட்டர். மார்பைச் சுற்றி நின்ற நிலையில் 91, குனிந்த நிலையில் 93, ஆகச் சராசரி 92. பட்டியின் எண் 75, அதாவது லேபிளில் 34. வித்தியாசம் 16 சென்டிமீட்டர். ஜப்பானிய அட்டவணையில் இது சி, ஐரோப்பிய அட்டவணையில் பி-க்கும் சி-க்கும் நடுவிலான எல்லை. இப்படி எல்லையில் நிற்கும்போது பெரிய கப்பிலிருந்து தொடங்கிப் போட்டுப் பார்ப்பதே என் வழக்கம். அவருக்கு 34 சி பொருந்தியது.

36 பி-யின் கப்பும் 34 சி-யின் கப்பும் கொள்ளளவில் ஏறத்தாழ ஒன்றுதான். பட்டி ஓர் அளவு குறையும்போது, அதே கொள்ளளவைப் பெற எழுத்து ஒன்று கூட வேண்டும். பட்டி கூடினால் எழுத்து ஒன்று குறைய வேண்டும். ஆக 32 டி, 34 சி, 36 பி ஆகிய மூன்றும் ஒரே அளவு மார்பைக் கொள்பவை; சுற்றும் உடல்தான் வேறு. அவருடைய பழைய பிராவில் கப் சரியாகவே இருந்ததால்தான், கோளாறு எங்கே என்று இத்தனை காலம் அவருக்குத் தெரியவில்லை. தளர்ந்த பட்டி அவருடைய தோளிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்தது. கடையில் உங்கள் அளவு இல்லாதபோதும் இந்தக் கணக்கு உதவும். 34 சி இல்லை என்றால் 34 பி-யை வாங்கி வராதீர்கள், கப் போதாது. 36 பி-யையோ 32 டி-யையோ போட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு படிக்கு மேல் நகர வேண்டாம்.

போட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

அட்டவணை தருவது தொடக்கப் புள்ளி மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது உடல். புதிய பிராவை எப்போதும் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பாருங்கள். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளர்ந்துகொண்டே போகும். அப்போது உள் வரிசைக்கு மாற இடம் இருக்க வேண்டும். முதல் நாளே உள் வரிசையில் மாட்டினால்தான் பொருந்துகிறது என்றால் அந்தப் பிரா சில மாதங்களில் பயனற்றுப் போகும். பட்டியின் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் நுழையக் கூடாது.

மாட்டியதும் அப்படியே நிமிர்ந்து விடாதீர்கள். சற்றுக் குனிந்து, ஒரு கையால் கம்பியையோ அடிவிளிம்பையோ பிடித்துக்கொண்டு, மறு கையை அக்குள் பக்கமாகக் கப்புக்குள் விட்டு, பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும் சதையை முன்னால் கொண்டுவாருங்கள். இரு பக்கமும் செய்த பிறகு நிமிர்ந்து ஸ்ட்ராப்பைச் சரிசெய்யுங்கள். இந்த ஒரு பழக்கத்தை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகள் சின்ன கப்பை அணிந்தவர்களுக்கு மார்பின் ஒரு பகுதி அக்குளுக்குக் கீழே தள்ளப்பட்டு, அது ஏதோ உடம்புச் சதை என்றே அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதை முன்னால் எடுத்து வைத்ததும் கப் போதாமல் வழிவதைப் பார்த்தால்தான், தமக்குப் பெரிய கப் தேவை என்பது அவர்களுக்கே தெரியவரும்.

இப்போது கண்ணாடியைப் பாருங்கள். முதுகில் பட்டி முன்பக்கத்தோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வளைந்து மேலே ஏறினால் பட்டி பெரிது. கப்பின் மேல்விளிம்பில் சதை பிதுங்கி, சட்டைக்கு மேல் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் கப் சிறிது. கப்பின் துணி சுருங்கிக் காலியாக நின்றால் கப் பெரிது, அல்லது அந்தக் கப்பின் வடிவம் உங்கள் மார்புக்கு ஏற்றதல்ல. கம்பி வைத்த பிரா என்றால் இரண்டு கப்புக்கும் நடுவில் உள்ள துண்டு நெஞ்செலும்போடு ஒட்டிப் படிய வேண்டும். அது தூக்கி நின்றால் பெரும்பாலும் கப் போதவில்லை என்று பொருள். கம்பியின் வெளி முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். அடியில் விலா எலும்பு தட்டுப்பட்டால் சரி. மென்மையான மார்புச் சதை தட்டுப்பட்டால் கம்பி மார்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாலையில் அந்த இடம் சிவந்து வலிப்பதற்கு இதுவே காரணம். கம்பியைக் குறைசொல்லி அதை உருவி எறிவதால் அளவு சரியாகிவிடாது.

இரண்டு மார்பும் ஒரே அளவில் இல்லாதது மிக இயல்பானது. பெரிய பக்கத்துக்கு ஏற்ற கப்பையே வாங்குங்கள். சிறிய பக்கத்தில் ஸ்ட்ராப்பைச் சற்று இறுக்கிக்கொள்ளலாம், அல்லது மெல்லிய பஞ்சுத் திண்டை உள்ளே வைக்கலாம். கடைசியாகக் கைகளைத் தலைக்கு மேலே தூக்குங்கள், குனிந்து தரையைத் தொடுங்கள், நிமிருங்கள். செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்குபவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுபவரும் ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார்கள் என்பதை நினைத்தால், கண்ணாடி முன் அசையாமல் நின்று பார்ப்பது போதவே போதாது.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சில் வார்த்ததுபோல் விறைப்பாக இருக்கும் நுரைக் கப், டி-சட்டைக்குள் கோடு தெரியாமல் இருக்க நல்லது. ஆனால் தளர்ந்த மார்பு அதன் அடியில் போய் உட்கார்ந்து, மேல்பகுதி காலியாகிவிடும். அத்தகையவர்களுக்கு இரண்டு மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்த, பஞ்சில்லாத துணிக் கப் நன்றாகத் தூக்கிப் பிடிக்கும். நம் அம்மாக்கள் "பாடி" என்று சொல்லி அணிந்த பருத்தி பிராக்களில் பல இந்த வகைதான், அவற்றைப் பழையது என்று ஒதுக்க வேண்டியதில்லை.

எங்கே, எப்படி வாங்குவது?

பக்கத்துப் பெருநகரான ஈப்போவின் பேரங்காடிகளில் உள்ள பெரிய கடைகளில் போட்டுப் பார்க்கும் அறை இருக்கும். அளவெடுத்துச் சொல்லும் பெண் ஊழியர்களையும் பல இடங்களில் காணலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது அவர்களுடைய அன்றாட வேலை. முதல் முறை சரியான அளவைக் கண்டறிவதற்காக மட்டுமாவது ஒரு தடவை பேருந்து ஏறிப் போய்வருவது வீண் செலவாகாது.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் சின்னக் கடைகளிலும் போட்டுப் பார்க்க இடம் இருக்காது. அங்கே ஒரு வழி உண்டு. மெல்லிய டி-சட்டை அணிந்து போங்கள். பிராவைத் திருப்பி, கப் முதுகுப் பக்கமும் கொக்கி முன்பக்கமும் வரும்படி, சட்டைக்கு மேலேயே மார்புக்குக் கீழே சுற்றி மாட்டிப் பாருங்கள். கப்பில் எதுவும் நிறைந்திருக்காததால் பட்டியின் இறுக்கம் மட்டும் தனியாகத் தெரிந்துவிடும். கப்பைச் சோதிக்க, வீட்டில் நன்றாகப் பொருந்தும் பழைய பிரா ஒன்றைக் கைப்பைக்குள் கொண்டுபோய், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கம்பியின் அகலத்தையும் கப்பின் ஆழத்தையும் ஒப்பிடலாம். எஸ், எம், எல் என்று மட்டும் அச்சிட்ட பிராக்கள் உடற்பயிற்சிக்கும் தூக்கத்துக்கும் போதும். கனமான மார்புள்ளவர்கள் வேலைக்கு அணிய அவற்றை நம்ப முடியாது.

இணையத்தில் வாங்குவதானால் முதலில் பணம் திரும்பக் கிடைக்குமா, மாற்றித் தருவார்களா என்பதைப் பாருங்கள். உள்ளாடைகளைத் திரும்ப வாங்காத விற்பனையாளர்கள் பலர். அந்தப் பொருளுக்கென்றே போட்டிருக்கும் சென்டிமீட்டர் அட்டவணை இல்லை என்றால் வாங்காமல் விடுவதே மேல். பிடித்த மாதிரி என்பதற்காக முதலிலேயே அரை டஜன் வாங்க வேண்டாம். ஒன்றை வாங்கி ஒரு நாள் முழுவதும் வேலையோடு அணிந்து பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றை வாங்குங்கள்.

தீபாவளி நேரத்தில் சேலை, ரவிக்கை, வளையல் எல்லாம் வாங்கி முடித்து மிச்சப் பணத்தில் பிரா வாங்குவது நம் வழக்கமாக இருக்கிறது. வரிசை தலைகீழாக வேண்டும். புது பிராவை முதலில் வாங்கி, அதை அணிந்துகொண்டே ரவிக்கைக்கு அளவு கொடுக்க வாருங்கள். பழைய, தளர்ந்த பிராவோடு அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கையில், புதிய பிரா அணிந்ததும் மார்பு இரண்டு விரல் மேலே ஏறிவிடும். டார்ட் என்னும் மடிப்பின் முனை கீழே நிற்கும், அக்குள் பிடிக்கும். தையல்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை, பிரித்துத் தைக்கவும் துணி இருக்காது.

சிறுமிகளும் தாய்மார்களும்

பெண் பிள்ளைகளுக்கு மார்பு வளரத் தொடங்குவது பொதுவாக 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில். சடங்கு முடிந்த பிறகுதான் பிரா என்று காத்திருக்கத் தேவையில்லை. ஓடும்போது வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, பள்ளியில் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு கூனி நடக்கத் தொடங்கினாலோ அதுவே காலம். முதலில் கம்பியும் பஞ்சும் இல்லாத மென்மையான பருத்தி பிரா போதும். வளரும் வயதில் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை பொருத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடைநிலைப்பள்ளியின் வெள்ளைச் சட்டைக்கோ வெள்ளை பாஜு கூரோங் என்னும் நீண்ட மலாய் உடுப்புக்கோ உள்ளே வெள்ளை பிரா பளிச்சென்று தெரியும். பிள்ளையின் தோல் நிறத்தை ஒட்டிய பழுப்பு நிறத்தை வாங்கிக் கொடுங்கள், தெரியாது. விளையாட்டு நாட்களுக்குத் தனியாக ஒரு விளையாட்டு பிரா வேண்டும். மார்பு குலுங்குவதை நினைத்து ஓட்டப் பந்தயத்திலிருந்து ஒதுங்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்; ஒரு நல்ல பிராவால் தீரக்கூடிய காரணத்துக்காக ஒரு பிள்ளை விளையாட்டை விடுவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

கர்ப்ப காலத்தில் கப் மட்டுமல்லாமல் விலாவும் விரியும். ஆகவே பட்டியும் கப்பும் இரண்டுமே மாறும். பாலூட்டும் பிராவைக் கடைசி மாதங்களில் வாங்குவது பொருத்தம். பால் இறங்கியதும் கப் இன்னும் கூடும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள். பாலூட்டும் முதல் வாரங்களில் இறுக்கமான பிராவும் அழுத்தும் கம்பியும் வேண்டாம். ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளக்கூடும். பிள்ளை பால் மறந்த பிறகு மறுபடியும் அளந்துகொள்ளுங்கள், பழைய அளவுக்கே திரும்புவீர்கள் என்று எண்ண வேண்டாம்.

வியர்வை, துவைத்தல், மாற்றுதல்

நம் வெயிலில் மார்புக்குக் கீழே உள்ள மடிப்பில் வியர்வை தேங்கிச் சிவந்து, அரித்து, சில சமயம் பூஞ்சைப் புண்ணாகவும் ஆகிறது. பட்டி மேலேறி, மார்புச் சதை விலாவின் மேல் படிந்து உராயும்போது இது அதிகம். சரியான அளவு அந்த மடிப்பைத் தூக்கி வைப்பதால் பாதி தொல்லை குறையும். வேலைக்குப் பருத்தி கலந்த துணி, வீடு திரும்பியதும் கழற்றிக் குளித்து மடிப்பை நன்றாகத் துடைத்து உலர்த்துவது, ஈரம் காயாத பிராவை அணியாமல் இருப்பது ஆகிய மூன்றும் போதும். சிவப்பு ஆறாவிட்டால் பவுடரை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள் அன்று அணிந்த பிராவையும் வேலை உடுப்போடு சேர்த்து, வீட்டுத் துணிகளிலிருந்து தனியாகத் துவைக்க வேண்டும். மருந்து சட்டையோடு நின்றுவிடுவதில்லை.

அளவெடுக்கும் அந்த நேரத்தில் கண்ணாடியில் உங்கள் மார்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்)தான். கறுப்பு பிரா அணிந்தாலோ கம்பி வைத்த பிரா அணிந்தாலோ புற்றுநோய் வரும் என்று வாட்சாப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரமில்லை. அமெரிக்காவின் சியாட்டலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தினர் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கம்பிக்கோ ஒரு நாளில் பிரா அணியும் நேரத்துக்கோ மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு காணப்படவில்லை.

துவைப்பதற்குக் கையே சிறந்தது. இயந்திரத்தில் போட வேண்டியிருந்தால் கொக்கிகளை மாட்டி வலைப்பைக்குள் போடுங்கள். குளோரின் கலந்த வெளுப்பு நீர் எலாஸ்டிக்கை அரித்துவிடும். சூடான உலர்த்தும் இயந்திரமும் அப்படித்தான். ஸ்ட்ராப்பில் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் ஸ்ட்ராப் நீளும். நடுத்துண்டைக் கொடியில் போட்டு இரு கப்பும் இரு பக்கம் தொங்கும்படி காயவையுங்கள். ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மழை மாதங்களில் அப்படிப் போட்ட பிரா இரண்டு நாளானாலும் காயாது, பூசணம் பிடித்துப் புள்ளி விழும். காற்றோட்டமான நிழலில் வெளிப்படையாகக் காயப்போடுங்கள்; அதுவும் சட்டையைப் போல ஓர் உடுப்புதான்.

ஒரே பிராவைத் தினமும் அணிந்தால் எலாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கிடைக்காது. குறைந்தது மூன்று இருந்தால் மாற்றி மாற்றி அணியலாம், ஒவ்வொன்றும் கூடுதல் நாள் உழைக்கும். மிக உள்ளே இருக்கும் கொக்கி வரிசையில் மாட்டியும் முதுகுப் பட்டி ஏறுகிறது என்றால் அந்தப் பிராவின் ஆயுள் முடிந்துவிட்டது. அதன் லேபிளைப் பார்த்து அதே எண்ணை வாங்கப் புறப்படாமல், நாடாவை எடுத்து இன்னொரு முறை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.